வளர்ப்பு எலிக்கோ ஹாம்ஸ்டருக்கோ உடம்பு முடியாமல் போனால்

எலி, ஹாம்ஸ்டர், கினிப் பன்றி எல்லாம் தமக்கு உடம்பு முடியவில்லை என்பதைக் கடைசி வரை காட்டிக்கொள்ளாது. பாம்புக்கும் பருந்துக்கும் இரையாகிற இனம், துவண்டு கிடப்பதுதான் முதலில் மாட்டும், அதனால் உள்ளே என்ன நடந்தாலும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியவரும்போது நோய் பாதிக்கு மேல் முற்றியிருக்கும். ஆயுளும் கொஞ்சம்தான்: எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் 2 முதல் 3 ஆண்டு, கினிப் பன்றிக்கு 5 முதல் 8 ஆண்டு. ஆகவே எந்த டாக்டர், எவ்வளவு செலவு, எந்தக் கட்டத்தில் போதும் என்று நிறுத்துவது, இதையெல்லாம் அது நன்றாக இருக்கும்போதே யோசித்து வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காக யோசிக்க முடியாது.

முதல் வேலை, கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குவது. வாரம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே நேரத்தில், கிண்ணத்தில் உட்காரவைத்து எடை பார்த்து எழுதி வையுங்கள். வயதாகிவிட்டால் இன்னும் அடிக்கடி. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான். 120 கிராம் ஹாம்ஸ்டருக்கு அது வெறும் 12 கிராம், கையில் தூக்கிப் பார்த்தால் தெரியவே தெரியாது.

அடுத்து முகம். ஆய்வுக்கூடச் சுண்டெலிகளின் வலியை முகத்தைப் பார்த்தே அளக்க 2010இல் ஒரு அளவுகோல் வந்தது, மறு ஆண்டே எலிகளுக்கும் ஒன்று வந்தது. நாம் அந்த அளவுக்குப் படிக்க வேண்டாம். கண்ணை இடுக்கிக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, மயிர் சிலிர்த்து முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு எங்கோ வலிக்கிறது. எலியின் கண்ணோரமோ மூக்கோரமோ சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம், பெரும்பாலும் அது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்பைரின் என்ற நிறமி. லேசாக இருந்து அதுவே துடைத்துக்கொண்டால் பரவாயில்லை. காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது, கூடவே தும்மல், மூச்சில் கர்கர் சத்தம் என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். இந்தத் தொற்று உடம்பை விட்டு முழுசாகப் போகாது, ஆனால் மருந்தால் நன்றாகவே அடக்கி வைக்கலாம்.

விடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வலிப்பு, நிற்காத ரத்தம். கினிப் பன்றி அரை நாளுக்கு மேல் எதையும் தொடாமல் இருப்பதும் அப்படித்தான், அதன் குடல் நின்றுபோனால் திரும்ப ஓடவைப்பது பெரும்பாடு. ஹாம்ஸ்டர் குட்டியின் பின்புறம் பேதியில் நனைந்திருந்தால் அதுவும் அவசரம், ஓரிரு நாளில் உயிரையே வாங்கிவிடும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் இவற்றோடு பழக்கம் இருக்காது. ஹாம்ஸ்டருக்கு மயக்கம் கொடுத்திருக்கிறீர்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடலாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அமாக்ஸிசிலின் மாதிரிப் பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றி, ஹாம்ஸ்டர், சின்சில்லா (இதுவும் கொறிக்கும் பிராணிதான்) ஆகியவற்றின் குடலில் நல்ல பாக்டீரியா அழிந்து அதனாலேயே அவை செத்துப்போகக் கூடும். எலிக்கு ஒத்துக்கொள்ளும், இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆபரேஷனுக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள். இந்த இனத்தால் வாந்தி எடுக்கவே முடியாது, அந்தப் பட்டினி தேவையில்லாதது. நம் வீட்டு மாத்திரை டப்பாவை மட்டும் திறக்காதீர்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்வதில் சூடும் சாப்பாடும்தான் முக்கியம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அது நகர்ந்துபோக இடம் வேண்டும். தானாகச் சாப்பிடவில்லை என்றால் உருண்டைத் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகத் துளித்துளியாக, அது மென்று விழுங்க விழுங்கக் கொடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் எச்சில் ஒழுகினால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், கோணலாக வளர்ந்தால் பசி இருந்தும் கடிக்க முடியாது. கினிப் பன்றிக்கு நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது, நோயில் அதன் தேவை இன்னும் கூடும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? நான் சொல்லும் வழி இது. அதற்குப் பிடித்த மூன்று விஷயங்களை இப்போதே எழுதி வையுங்கள், உதாரணமாகக் கூண்டைத் திறந்ததும் ஓடி வருவது, மயிரைக் கோதிச் சுத்தம் செய்வது, ஒரு குறிப்பிட்ட தீனி. நோய் வந்ததும் தினமும் டிக் போடுங்கள். மூன்றில் இரண்டு போய், அடுத்தடுத்த நாட்களிலும் திரும்பவில்லை என்றால் இனி நீட்டுவது பெரும்பாலும் நமக்காகத்தான். பணம் இல்லை என்பதும் ஒரு நியாயமான காரணமே, அதற்காகக் கூனிக்குறுக வேண்டாம்.

கருணைக்கொலையைப் பொறுத்தவரை, முதலில் வாயு மயக்கம் கொடுத்து அது முழுசாகத் தூங்கிய பிறகே ஊசி போடும்படி கேளுங்கள். வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று யார் யோசனை சொன்னாலும், குறிப்பாக ஃப்ரீசரில் வைப்பதோ தண்ணீரில் அமுக்குவதோ, கேட்காதீர்கள். அது கொடுமையான சாவு.

தானாகவே போய்விட்டால், அதுவும் ஹாம்ஸ்டராக இருந்து அறை குளிர்ந்து கிடந்தால், உடனே புதைத்துவிடாதீர்கள். ஹாம்ஸ்டர் குளிரில் உறக்கநிலைக்குப் போகும், மூச்சு இருப்பதே தெரியாது, உடம்பும் சில்லென்று இருக்கும். கைகளுக்குள் பொத்தி, மெதுமெதுவாகச் சூடாக்கிக்கொண்டு, மீசையோ காலோ அசைகிறதா என்று அரை மணிக்கு மேலாவது பாருங்கள். இறந்ததன் காரணம் தெரிய வேண்டும் என்றால் உடலை ஃப்ரிட்ஜில் வையுங்கள், உறையவிட்டால் பரிசோதனை கெட்டுப்போகும். புதைப்பதாக இருந்தால் நாயோ பூனையோ தோண்டாத ஆழம் வேண்டும். ஊசி போட்ட உடலாக இருந்தால் இது கட்டாயம், உடலில் தங்கிய மருந்து அதைத் தின்கிற பிராணியையும் கொல்லும்.

'ஒரு எலிக்கா இவ்வளவு அழுகை' என்று கேட்க ஆள் இருக்கும். அவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு அழுங்கள். குழந்தைகளிடம் மட்டும் 'தூங்குது', 'ஊருக்குப் போயிருக்கு' என்றெல்லாம் சொல்ல வேண்டாம், ராத்திரி தூங்கவே பயப்படும். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள்.

கூட்டாளி ஒன்று மிச்சம் இருந்தால் அதன் விஷயம் தனி. எலிகளும் கினிப் பன்றிகளும் கூட்டமாக வாழ்பவை, இறந்த உடலைக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் விட்டுவைத்தால் மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், தேடி அலைவது குறையும் என்று பல வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். தொற்றுநோயில் இறந்திருந்தால் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் சில நாள் அதன் எடையைத் தினமும் பாருங்கள். புதுத் துணை தேவை என்றால் நமக்கு மனசு ஆறும்வரை அதைத் தனியே உட்கார வைப்பது நியாயமில்லை, ஆனால் வருவதை இரண்டு வாரமாவது வேறு அறையில் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டே பக்கத்தில் விடுங்கள். சிரியன் ஹாம்ஸ்டருக்கு இந்தப் பேச்சே கிடையாது, அது தனியாக வாழ்வது, ஜோடி சேர்த்தால் ஒன்றையொன்று குதறிவிடும்.