லத்தீனோ வாழ்க்கையைக் கார்ட்டூனாக வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களை, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பற்றி நையாண்டி வரையலாம் என்று உட்கார்ந்தால் பலருடைய கை நேராகப் போவது சோம்ப்ரேரோ தொப்பிக்கும் கள்ளிச்செடிக்கும்தான். வேண்டாம். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கும் மீசைக்காரரைத் தலைமுறை தலைமுறையாக வரைந்தாயிற்று. அதில் அடிபடுவது ஏற்கெனவே அடிவாங்கும் கூலித்தொழிலாளிதான்.

யாரை அடிக்கிறோம் என்பதில் வரும் இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1994-இல் கலிஃபோர்னியாவில் 187-ஆவது முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு அரசுப் பள்ளியும் கிடையாது, அவசர சிகிச்சை தவிர வேறு மருத்துவமும் கிடையாது என்றது அது. ஆளுநர் பீட் வில்சன் அதற்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். அப்போது கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ் குடியேறியவர்களைப் பரிதாபமாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. டேனியல் டி. போர்டாடோ என்று ஒரு கற்பனை ஆளை உருவாக்கினார். வில்சனுக்கு ஆதரவான லத்தீனோ அவர், நாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விடுவோம் என்று பிரசாரம் செய்பவர். எதிராளியின் வாதத்தை மறுக்காமல் அதன் கடைசிவரை கூடவே நடந்துபோனால் அதன் கொடூரம் தானாக வெளியே வந்துவிடுகிறது. 2012-இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மிட் ராம்னி இதே யோசனையை விவாத மேடையில் நிஜமான கொள்கையாகவே சொன்னார். இவ்வளவு மிகைப்படுத்தலாமா என்று தயங்குபவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. பேச்சு பலூனுக்குள் உடைந்த ஆங்கிலத்தைப் போட்டால் சிரிப்பு வந்துவிடும் என்ற நினைப்பு. 1941-இல் 'கோர்டோ' தொடரைத் தொடங்கிய கஸ் அரியோலாவும் முதலில் அப்படித்தான் எழுதினார். போகப்போக அதைக் குறைத்து, மெக்சிகோவின் சமையல், பண்டிகை, கலை என்று கதையை விரித்தார், தொடர் 1985 வரை ஓடியது.

எல்லாரையும் மெக்சிகோக்காரர் ஆக்கிவிடாதீர்கள். பியூர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள், அவர்களை எல்லைச் சுவர் ஏற வைத்தால் படம் அங்கேயே செத்துவிடும். மயாமியின் கியூபக் குடும்பத்து அரசியலும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்து அரசியலும் ஒன்றல்ல.

மண்டையோட்டை அலங்காரத்துக்காக ஒட்டுவது இன்னொரு பழக்கம். 2013-இல் டிஸ்னி நிறுவனம் 'தியா தே லோஸ் முவெர்த்தோஸ்' என்ற, மண்டையோட்டையும் எலும்புக்கூட்டையும் அடையாளமாக வைத்து இறந்தோரை நினைவுகூரும் மெக்சிகோ பண்டிகையின் பெயருக்கே வணிகக்குறி கேட்டு விண்ணப்பித்தபோது, அல்கராஸ் ஒரு நகரத்தின் மேல் எழுந்து வரும் ராட்சத எலும்புக்கூட்டு எலியை வரைந்தார். அந்தப் படத்தில் எலும்பை எடுத்துவிட்டால் எதுவுமே மிஞ்சாது, அவ்வளவு அவசியமாக அது அங்கே இருக்கிறது. எதிர்ப்பு வலுத்து விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பண்டிகையை வைத்து 2017-இல் வந்த டிஸ்னியின் 'கோகோ' படத்துக்கு அவரையே ஆலோசகராகவும் அழைத்தார்கள்.

இரண்டு பண்பாட்டுக்காரர் என்றதும் முகத்தின் நடுவே கோடு போட்டு, பாதிக்கு ஒரு நாட்டுக் கொடி பூசுவதையும் விட்டுவிடலாம். அப்படி யாரும் வாழ்வதில்லை. அரசு அலுவலகத்தில் பத்து வயதுப் பெண் அம்மாவுக்காக மொழிபெயர்க்கிறாள், அம்மா கோபத்தில் கொட்டியதைப் பணிவான ஆங்கிலமாக்கிச் சொல்கிறாள், கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் தலையாட்டுகிறார். நான்கு கட்டத்துக்கு இது தாராளம்.

சொந்த மக்களைத் தொடக்கூடாது என்று ஒதுங்குவதும் தவறுதான். மெக்சிகோவின் அச்சுச் சித்திரக் கலைஞர் போசாடா நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியப் பகட்டில் திரிந்தவர்களைத்தான் இறகுத்தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டியாகச் செதுக்கினார். வீட்டுக்குள்ளேயே நிறம் பார்ப்பது, ஸ்பானிஷ் சரியாக வராத பேரனை மட்டம் தட்டுவது, முன்னால் வந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவது, எல்லாமே வரைய வேண்டியவை. நீங்கள் வெளியாள் என்றால் அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் காட்டுங்கள், சிரிக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள், அவர் சொல்வதை வைத்து மறுபடி வரையுங்கள்.