அளவில் சிக்காத டிஸ்க் தேய்மானம்

ரயில் பெட்டி ஒன்றின் அச்சு பிரேக் டிஸ்க்கில், அதை அழுத்தி நிறுத்தும் பேடுகள் தொடர்ந்து தீர்ந்துகொண்டிருந்தும், அளவுகருவியான காலிப்பர் காட்டிய டிஸ்க்கின் தடிமன் மட்டும் அசையாமலே இருந்தது. தடிமன் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையான ஸ்லிப் கேஜில் சோதித்தபோது காலிப்பரில் பிழை இல்லை. சூட்டில் விரிந்திருக்குமோ என்று பார்த்தால், 110 மி.மீ. தடிமனுள்ள வார்ப்பிரும்பு 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலும் ஏறத்தாழ 0.1 மி.மீ. மட்டுமே விரியும்.

மையத்திலிருந்து வெளிநோக்கி விரலை ஓட்டியபோதுதான் ஒரு வழியாகப் பிடிபட்டது: பேடு தொடாத வெளிவிளிம்பில், துருவேறிய குறுகிய வரம்பு ஒன்று தேயாமல் நின்றிருக்க, காலிப்பரின் தட்டையான தாடைகள் அதன்மேலேயே அமர்ந்திருந்தன. உள்விளிம்பிலும் அப்படியே இருந்ததால், இரண்டுக்கும் குறுக்கே நேரான விளிம்புள்ள பட்டையான ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து, ஆழம் அளக்கும் டெப்த் கேஜால் நடுப்பரப்பை அளந்ததும் குழிவு தெளிவாகத் தெரிந்தது. ஒரு முகம் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. மொத்தத் தடிமன் இதை எந்நாளும் காட்டியிருக்காது. இப்போது டிஸ்க் ஆறிய பிறகு, துருவைச் சுரண்டிவிட்டு, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே அளக்கிறோம்.