புதிதாகப் பழகியவரோடு பல நாள் மலைநடை: கடலூர், பாண்டிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பாண்டி பீச் ரோட்டில் காலை நடையில் பழக்கமானவர், சில்வர் பீச்சில் கூட ஓடுகிறவர், ஆரோவில் பக்கம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர் என்று யாரோ ஒருவர் திடீரென்று "இமயமலை போலாமா ப்ரோ?" என்று கேட்டுவிடுவார். பழைய கூட்டாளிகள் லீவு இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபின் வரும் இந்தக் கேள்வி ரொம்பவே இனிக்கும். உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றில் முக்கால்வாசி நம்ம ஊரிலேயே முடியும்.

உதாரணத்துக்கு உத்தரகாண்டின் ஹர் கி தூன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். உத்தரகாசி மாவட்டம், கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. உயரம் சுமார் 3,566 மீட்டர். முதல்முறை போகிறவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம், பாதிவழி வரை கிராமங்கள் உண்டு, போன வழியிலேயே திரும்பி வரலாம், எந்த நாளிலும் "போதும்" என்று இறங்கிவிடலாம். தமிழ்நாட்டுக் காடுகளில் 2018 மார்ச் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதியோடு போகும் பாதைகள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிபவை. நடை பழக நல்லவை. ஆனால் காட்டுக்குள்ளேயே இரவு தங்கி நாலைந்து நாள் நடக்க வேண்டும் என்றால் வடக்கேதான்.

படி 1: பேச வேண்டியதை முதலிலேயே பேசுங்கள்

பிடித்த சினிமா, பிடித்த ஊர் எல்லாம் ரயிலில் பேசிக்கொள்ளலாம். முதலில் பேச வேண்டியது பணம், வேகம், உடம்பு, திரும்புவது.

பணம் எளிது. பொதுச்செலவு எது, சொந்தச்செலவு எது, யார் கணக்கு எழுதுவது, ஒருவர் பாதியில் விலகினால் கட்டிய முன்பணம் யார் தலையில் விழும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னதைவிட எழுதியது பிற்பாடு மனஸ்தாபம் இல்லாமல் தப்ப வைக்கும்.

உடம்பு விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, ஒவ்வாமை, தினமும் போடும் மாத்திரை. உங்களுடையதையும் சொல்லுங்கள். பாதிவழியில் அவர் மயங்கி விழுந்தால் பையின் எந்த ஜிப்பில் மருந்து இருக்கிறது என்று தெரிய வேண்டியவர் நீங்கள்தான்.

திரும்புவதுதான் பெரிய விஷயம். "யார் ஒருவர் திரும்பலாம் என்று சொன்னாலும் இரண்டு பேரும் திரும்புகிறோம், ஏன் எதற்கு என்ற விசாரணை கீழே வந்தபிறகு" என்று இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய சிநேகிதனிடம் "முடியலடா" என்று சொல்லிவிடுவோம். புதியவரிடம் சொல்ல வெட்கம் வரும். தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள் பலரும் அந்த வெட்கத்தில் ஏறுகிறவர்கள்தான். இந்த ஒப்பந்தத்தைச் சொன்னதும் எதிராளி "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று சிரித்து மழுப்பினால், என் கணக்கில் அவர் பீச் ரோட்டுக்கு மட்டுமே துணை.

ஆதார் நகலும் வீட்டார் போன் நம்பரும் இரண்டு பக்கமும் கைமாற வேண்டும். இதில் சந்தேகம் என்று எதுவும் இல்லை, லாட்ஜில் கேட்பதுதானே. பெண்கள் தனிக் கூடாரம், தனி அறை என்பதை முதல் பேச்சிலேயே வைத்துவிடுவது நல்லது. அதற்கு முகம் சுளிக்கிறவரோடு பயணம் வேண்டாம்.

ஆரோவில் பக்கம் பழக்கமான வெளிநாட்டவர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவர்கள் ஊரில் மலையேறுகிறவர்கள் சாதாரணமாக வைத்திருக்கும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவிகளை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

படி 2: கடற்கரையில் ஒரு ஒத்திகை

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒருவரோடு முழுநாள் மூட்டை தூக்கி நடந்து, ஒரே அறையில் படுத்து எழுந்து, மறுநாளும் நடந்தால் அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பாண்டியிலிருந்து தெற்கே கடலோரமாகவே நடக்கலாம் என்று தோன்றும். ஆனால் சுண்ணாம்பாறு, தாழங்குடா பக்கம் தென்பெண்ணை, தேவனாம்பட்டினத்தில் கெடிலம் என்று முகத்துவாரங்கள் வரிசையாக மறிக்கும். முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்கவே கூடாது, மேலே தெரிவது ஒன்று, அடியில் இழுப்பது வேறு. அதனால் கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே, ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை பக்கம் தொடங்குங்கள். அங்கிருந்து சாமியார்பேட்டை வரை முதல் நாள். மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து சிதம்பரத்தில் லாட்ஜ். மறுநாள் திரும்ப வந்து, சாமியார்பேட்டையிலிருந்து வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை வரை. இடையில் ஆலை வேலி வந்தால் வாதாடாமல் ரோட்டுக்கு ஏறி நடங்கள். மீனவர் குப்பங்களில் வலை காயும் இடத்தை மிதிக்காமல், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடந்தால் டீயே கொடுப்பார்கள். இரவில் கரையில் படுக்க வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரிதான் இதற்குத் தோது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கடற்கரையை என்ன செய்யும் என்று கடலூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. விடிவதற்கு முன் கிளம்பி, பத்தரை மணிக்குள் சவுக்குத் தோப்பு நிழலில் ஒதுங்கி, மூன்றரைக்கு மேல் மறுபடி நடங்கள்.

பையில் மலைக்குக் கொண்டுபோகும் எடையையே வையுங்கள். சாமான் இன்னும் வாங்கவில்லை என்றால் தண்ணீர் பாட்டில்களும் அரிசி மூட்டையும் போதும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் கவனியுங்கள். நீங்கள் பின்தங்கும்போது அவர் நின்று திரும்பிப் பார்க்கிறாரா? நீங்கள் வந்து சேர்ந்ததும் உட்காரவிடாமல் "சரி, போலாம்" என்று கிளம்பிவிடுகிறாரா? நின்றவருக்கு ஓய்வு, வந்தவருக்கு இல்லை. மலையில் சண்டை ஆரம்பிப்பது இதில்தான். அரை லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும்போது "தண்ணி இருக்கா ப்ரோ, நான் குடிக்கட்டுமா?" என்று கேட்கிறாரா, எடுத்துக் கவிழ்த்துக்கொள்கிறாரா? பிஸ்கட் காகிதம் மணலிலா, பையிலா? டீக்கடை அக்காவிடம் எப்படிப் பேசுகிறார்? குறட்டையும் தெரிந்துவிடும். குறட்டை குற்றமில்லை, காதுக்குப் பஞ்சு வாங்கலாம். அவரும் உங்களை இதேபோல் எடைபோட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒத்திகைக்குப் பிறகு வேண்டாம் என்று தோன்றினால், "நம்ம வேகம் ஒத்து வரல, கோச்சுக்காதீங்க" என்று சொன்னால் போதும். பீச் ரோட்டில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளும் பழக்கமாவது மிஞ்சும்.

படி 3: ஏறிப் பழகுங்கள்

நமக்கு மலை கிடையாது. கேப்பர் மலையை எல்லாம் மலைக் கணக்கில் சேர்க்க முடியாது. பக்கத்தில் உருப்படியான ஏற்றம் என்றால் செஞ்சி. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி. காலையிலேயே ஏறிவிடுங்கள், கையில் தின்பண்டம் தெரியாமல் வையுங்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். முட்டி நோவது இறக்கத்தில்தான். புது ஷூவை ஒரு மாதமாவது போட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

படி 4: பை

நீளமான பட்டியல் வேண்டாம். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் எடுக்கவே எடுக்காதீர்கள். நனைந்தால் காயாது, குளிரில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். துண்டு மட்டும் விதிவிலக்கு, நம்ம ஈரிழைத் துண்டு எந்த வெளிநாட்டுத் துண்டுக்கும் குறைந்ததில்லை. மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, தலை விளக்கு, ஓ.ஆர்.எஸ். கடலை மிட்டாய், பருப்புப்பொடி. ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகத் தடை, சின்ன முகாம் சிலிண்டருக்கும் அதேதான். குளிர் ஜாக்கெட், ஊன்றுகோல் மாதிரியானவை மலையடிக் கிராமமான சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும்.

மருந்துப்பையும் தண்ணீர் வடிகட்டியும் இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாதி பாதியாகப் பிரித்தால், பிரிந்து போய்விடும் ஒரு மணி நேரத்தில் இருவரிடமும் எதுவும் முழுதாக இருக்காது.

படி 5: மலையில்

புதுச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை டில்லிக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து டேராடூன், பிறகு நாள் முழுக்க மலைப்பாதையில் ஜீப் அல்லது பஸ். நெட்வார் சோதனைச் சாவடியில் பூங்கா அனுமதி, அப்புறம் சுமார் 1,950 மீட்டரில் சாங்க்ரி. இங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். இரண்டு புதியவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆள் இருப்பது வழிக்கு மட்டுமல்ல, வாக்குவாதத்துக்கும் நல்லது. சாங்க்ரியைத் தாண்டினால் போன் சிக்னலை நம்பாதீர்கள். எந்தத் தேதிக்குள் கூப்பிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு உயரம்தான் எதிரி. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது பொதுவான விதி. ஓஸ்லா கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரே நாளில் ஹர் கி தூனுக்குப் போய்ப் படுத்தால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கூடிவிடும். நடுவில் ஓர் இரவு போடுங்கள். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், சாப்பாடு இறங்காமை சேர்ந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருட்டானாலும் இறங்க வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு மட்டும் போடுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முக்கியமாகச் சொல்லுங்கள்.

காலையில் கிளம்புமுன்னும் இரவு சாப்பிடும்போதும் ஒருவரை ஒருவர் "தலைவலி இருக்கா? ஒண்ணுக்கு நல்லா போச்சா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் சிரிப்பு வரும், மூன்றாம் நாள் தானாகவே கேட்பீர்கள். நடையில் மெதுவானவரை முன்னால் விடுங்கள். இரண்டாம் நாள் மதியம்போல் எரிச்சல் வரும், அவர் சூப் உறிஞ்சும் சத்தம்கூடப் பிடிக்காது. அதில் பாதி பசி, மீதி தூக்கமின்மை. அரைமணி நேரம் பேசாமல் நடந்தால் சரியாகிவிடும்.

இறங்கி சாங்க்ரிக்கு வந்ததும் வழிகாட்டியின் கூலியைக் கொடுத்து, வாடகைச் சாமானைத் திருப்பிவிட்டு, டேராடூன் ஜீப் ஏறுமுன் கணக்கை முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், கடலூர் வந்தபிறகு நானூறு ரூபாய்க்காக ஒருவருக்கொருவர் போன் எடுக்காமல் திரிய நேரிடும்.