செவர்லே சி10-இல் எல்எஸ் எஞ்சின்: ஏசி கம்ப்ரசருக்கு முதலில் இடம் பிடியுங்கள்

பழைய செவர்லே சி10 பிக்கப்பில் எல்எஸ் எஞ்சின் (ஜிஎம் கம்பெனியின் வி8 வகை) மாற்றுகிறவர்கள் ஏசி கம்ப்ரசரைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். எஞ்சின் உட்கார்ந்து, மவுண்ட் வெல்டிங் முடிந்து, எக்ஸாஸ்ட் பைப்பும் மாட்டிய பிறகு கம்ப்ரசரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்கு இடம் இருக்காது. அப்புறம் சேஸிஸை வெட்டலாமா என்ற பேச்சு வரும். நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம், கேட்டியில். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏசி இல்லாமல் பெரியவர்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றவே முடியாது. அதனால் என் 1971 சி10-க்கு எல்எஸ் வகையில் ஒன்றான 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சின் என்று முடிவானதும், முதலில் தீர்மானித்தது கம்ப்ரசர் எங்கே உட்காரும் என்பதைத்தான். மற்றவை எல்லாம் அதைச் சுற்றி அமைந்தன. நீங்களும் அந்த வரிசையில் போங்கள்.

சிக்கல் இதுதான். செவர்லேயின் சில்வராடோ, டாஹோ, சபர்பன் வண்டிகளிலிருந்து வரும் எல்எஸ் எஞ்சினில் கம்பெனி கம்ப்ரசர் பாசஞ்சர் பக்கம் (அமெரிக்க வண்டியில் வலப்பக்கம்), கீழே, பிளாக்கை ஒட்டி இருக்கும். ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் இரண்டும் டிரைவர் பக்கம். கம்ப்ரசருக்கு மட்டும் தனி பெல்ட். அந்த வண்டிகளின் சேஸிஸ் அகலத்துக்கு அது பொருந்தும். 1967-72 சி10-இல் அதே இடத்தில் சேஸிஸ் சட்டம் வந்து நிற்கிறது. நிற்கும் வண்டியில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தாலும் நம்ப வேண்டாம். முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் அதற்கு எதிர்த்திசையில் திமிறும். டிரைவர் பக்கம் மேலே எழும், பாசஞ்சர் பக்கம் கீழே இறங்கும். கீழே தொங்கும் கம்ப்ரசர் நேராகச் சட்டத்தின் மேல் போய் இடிக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. சட்டத்தில் ஒரு பகுதியை வெட்டி, உள்பக்கம் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்று. எஞ்சினை முன்னோ பின்னோ நகர்த்தும் மவுண்ட் தகடுகளைத் தேடுவது இரண்டாவது. ஆனால் அப்படி நகர்த்தினால் ரேடியேட்டர் ஃபேன், டிரைவ் ஷாஃப்ட் நீளம், ஆயில் பேன் எல்லாம் சேர்ந்து நகரும். மூன்றாவது, கம்பெனி இடத்தையே விட்டுவிட்டு, சின்ன கம்ப்ரசர் ஒன்றைப் பாசஞ்சர் பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் மேலே ஏற்றுவது. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஸ்டீயரிங் பாக்ஸும் சஸ்பென்ஷனும் பிடித்திருக்கும் சட்டத்தை ஒரு கம்ப்ரசருக்காக வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. நல்ல வெல்டர் கையில் அது பலமாகவே அமையலாம். இருந்தாலும் மேலே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது கீழே கை வைக்கத் தேவையே இல்லை.

கம்ப்ரசர் என்றால் சேண்டன் கம்பெனியுடையதுதான். 5 சிலிண்டர் உள்ள எஸ்டி508 ஒரு சுற்றுக்கு 138 சிசி, 7 சிலிண்டர் உள்ள எஸ்டி7எச்15 155 சிசி. சி10 கேபினுக்கு இரண்டில் எது கிடைத்தாலும் போதும். வாங்கும்போது 6 ரிப் பெல்ட்டுக்கான புல்லி உள்ளதைக் கேளுங்கள். பழைய வி பெல்ட் புல்லியோடும் அது விற்கப்படுகிறது. அந்தக் காலத்து ஏ6 கம்ப்ரசரைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அதன் எடைக்கு பிராக்கெட் செய்வது தனி வேலை.

இனி மாதிரி வைத்துப் பார்க்கும் கட்டம். எஞ்சினை மவுண்டில் உட்கார வையுங்கள், ஆனால் மவுண்ட்டை டாக் மட்டும் (புள்ளி புள்ளியாக வெல்டிங்) வையுங்கள், முழு வெல்டிங் வேண்டாம். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லி எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ரேடியேட்டரும் அதன் முன்னால் ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரும் இருக்கட்டும். கம்ப்ரசரைக் கையால் தூக்கிப் பிடித்து, மரக்கட்டை முட்டுக் கொடுத்து இடம் தேடுங்கள். பாசஞ்சர் பக்கம் மேலே மூன்று இடைஞ்சல்கள் உண்டு. எல்எம்7-இன் ஆயில் ஊற்றும் குழாய் அந்தப் பக்க வால்வ் கவரின் முன்முனையில் இருக்கிறது. பின்னாளில் ஆயில் கேனைச் சாய்க்க வழி விட வேண்டும். வாட்டர் பம்பிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து இக்னிஷன் காயில்கள். முதல் காயிலைக் கழற்ற ஸ்பேனர் நுழைகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பானட் இடிக்குமா என்ற சந்தேகத்துக்குக் கம்ப்ரசர் மேல் களிமண் உருண்டை வைத்து மெதுவாக மூடித் திறந்தால் இடைவெளி எவ்வளவு என்று அதுவே காட்டும். அரை அங்குலத்துக்குக் குறைந்தால் இன்னும் இறக்குங்கள்.

கம்ப்ரசரை எந்தக் கோணத்தில் திருப்பி வைக்கலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உள்ளே இருக்கும் ஆயில் கீழ்ப்பகுதியில் நிற்க வேண்டும். சேண்டனை நேர் நிலையிலிருந்து பக்கவாட்டில் 90 டிகிரி வரை சாய்க்கலாம், தலைகீழாக வைக்கக் கூடாது. ஹோஸ் மாட்டும் வாய்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். சக்‌ஷனுக்குப் போகும் 10-ஆம் நம்பர் ஹோஸ் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் வழி) தடிமனானது, சட்டென்று வளையாது.

இந்த வேலையின் உயிர் பெல்ட் நேர்கோட்டில்தான் இருக்கிறது. எல்எஸ் எஞ்சின்களில் பெல்ட் ஓடும் தளம் ஒரே மாதிரி இல்லை. கார்வெட்டின் தளம் பிளாக்குக்கு மிக அருகில். கமேரோ தளம் அதிலிருந்து முக்கால் அங்குலம் முன்னால். டிரக் தளம் கார்வெட்டிலிருந்து ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. முன்னால். கமேரோவுக்கான பிராக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று டிரக் பேலன்சர் (கிராங்க் புல்லி) உள்ள எஞ்சினில் மாட்டினால் எத்தனை வாஷர் வைத்தாலும் பெல்ட் நேராக ஓடாது. பிராக்கெட் வாங்கும்போது ‘டிரக் தளத்துக்கு’ என்று சொல்லியே வாங்குங்கள்.

சொந்தமாகச் செய்வதென்றால் முதலில் அட்டையில் வெட்டுங்கள், அட்டை பொருந்திய பிறகே இரும்பு. நான் 10 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தேன். கோவையில் லேத் பட்டறையில் கற்றவன் என்பதால் அலுமினியத்தைவிட எனக்கு இரும்பில்தான் கை பழக்கம். ஹெட்டின் முன்முகத்தில் 10 மி.மீ. போல்ட் துளைகள் உண்டு, 1.5 பிட்ச். ஹெட் அலுமினியம். ஆகவே போல்ட் குறைந்தது 15 மி.மீ. ஆழமாவது மரைக்குள் போக வேண்டும். இறுக்கம் 50 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் இல்லாமல் வேண்டாம். தகடு ஒன்றுதான் தாங்குகிறது என்றால் போதாது. கம்ப்ரசரின் பின்காதிலிருந்து ஹெட்டுக்கோ மேனிஃபோல்டு போல்ட்டுக்கோ ஒரு முட்டுக் கம்பி கட்டாயம். கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பிராக்கெட் முறுக்கப்படும்; முட்டு இல்லாத தகட்டில் நாளடைவில் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விடும்.

கம்ப்ரசருக்கு நான்கு காதுகள். நான்கிலும் போல்ட் போடுங்கள். காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அளவான ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நிரப்ப வேண்டும். போல்ட்டை இறுக்கி இடைவெளியை மூட முயன்றால் காது உடையும். இந்த ஒரு காரணத்தால் உடைந்த கம்ப்ரசர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேர்கோடு பார்க்க நீளமான நேர்சட்டம் போதும். கிராங்க் புல்லியின் பள்ளத்திலிருந்து கம்ப்ரசர் புல்லியின் பள்ளத்துக்குப் பிடித்துப் பாருங்கள். புல்லியின் வெளிமுகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். விளிம்பின் தடிமன் ஒவ்வொரு புல்லிக்கும் மாறும். விலகல் 1.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முன்பின் விலகலை ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். சாய்வு இருந்தால் ஷிம் உதவாது, பிராக்கெட்டைத்தான் திருத்த வேண்டும். பெல்ட் கம்ப்ரசர் புல்லியைச் சுற்றுவது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஐட்லர் ஒன்றைச் சேர்க்கலாம். ஸ்பிரிங் டென்ஷனர் எப்போதும் தளர்ந்த பக்கத்தில், அதாவது கிராங்க் புல்லியை விட்டு பெல்ட் வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். பெல்ட் நீளத்துக்கு ஒரு கயிற்றைச் சுற்றி, டென்ஷனரை நடுநிலையில் வைத்து அளவெடுங்கள். 6பிகே என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண்தான் மில்லிமீட்டரில் நீளம்.

இவ்வளவும் சரியான பிறகு மவுண்ட் வெல்டிங்கை முடியுங்கள். மீதி வேலை பெரும்பாலும் வழக்கமானதுதான். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் டிஸ்சார்ஜுக்கு 8-ஆம் நம்பர் ஹோஸ், கண்டென்சரிலிருந்து வரும் லிக்விட் லைனுக்கு 6. ஓ-ரிங் எல்லாம் புதிது, அதுவும் ஆர்134ஏ கேஸுக்கான வகை; மாட்டும் முன் கம்ப்ரசர் ஆயிலில் நனையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை, மற்றதெல்லாம் மாட்டி முடித்த பிறகு கடைசியில் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஹூஸ்டன் காற்றின் ஈரம் முழுவதையும் அது குடித்துவிடும். பிரஷர் சுவிட்ச் இல்லாமல் கிளட்சுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் ஏசி ஆன் ஆகும் சிக்னலைக் கொடுத்தால் ஐட்லிங் தானாக உயரும். டிராஃபிக்கில் நிற்கும்போது எஞ்சின் தடுமாறாமல் இருக்க இது தேவை.

வேக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, அரை மணி நேரம் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். நான் மாட்டியிருக்கும் விண்டேஜ் ஏர் கம்பெனி ஏசி கிட்டுக்கு 1.8 பவுண்டு. புது சேண்டனில் ஆயில் ஏற்கெனவே இருக்கும், மேலும் ஊற்ற வேண்டாம். ஆனால் ஓட்டும் முன் கிளட்ச் ஹப்பைக் கையால் 15, 20 சுற்று சுற்றிவிடுங்கள். சிலிண்டரில் தேங்கிய ஆயில் அப்போதுதான் விலகும், வால்வ் தகடு தப்பிக்கும். பழைய கேஸ் ஏதாவது இருந்தால் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம், மெஷின் உள்ள கடையில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது ஹை சைடு (கம்ப்ரசர் கேஸை வெளியேற்றும் பக்கம்) அழுத்தம் வெளி வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் வைத்து 2.2 முதல் 2.5 மடங்கு வரை இருப்பது சரி. 95 டிகிரி நாளில் 210 முதல் 240 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏறினால் கம்ப்ரசரைக் குறை சொல்லாமல் கண்டென்சரில் காற்று போகிறதா என்று பாருங்கள்.

பெல்ட் கீச்சிட்டால், ஓடும்போதே ரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கி மறுபடி வந்தால் நேர்கோடு தவறு. சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. முதல் சில நாள் ஓட்டிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது பிராக்கெட் போல்ட்களையும் முட்டுக் கம்பியின் போல்ட்டையும் மறுபடி 50-க்கு வைத்துச் சரிபாருங்கள். அப்போதே ஹோஸ்கள் பானட் கீலிலோ ஆல்டர்னேட்டர் ஒயரிலோ உரசிய தடம் இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள்.