எதை அளந்து பார்த்தீர்கள்? – வீட்டுச் சாதனங்களை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், கதவைத் திறந்து பார்த்த கையோடு "கேஸ் போயிடுச்சு" என்பவர் உண்டு. வாஷிங் மெஷின் நின்றால் "போர்டு போச்சு" (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு). இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் அல்ல அவை. யூகத்தின் பேரில் பாகம் மாற்றினால், யூகம் தப்பான செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கூப்பிடுவதற்கு முன்

வாரண்டி இருந்தால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் கம்பெனி சர்வீஸைக் கூப்பிடுங்கள். வெளி ஆள் திறந்த தடம் தெரிந்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம். கம்ப்ரஸருக்கும் மோட்டாருக்கும் மட்டும் தனியாக நீண்ட வாரண்டி இருப்பதுண்டு. வாரண்டி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து பிளக் பாயின்ட். அதில் ஒரு விளக்கு எரிவதை வைத்து மின்சாரம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். சாக்கெட் லூசாக இருந்தாலும் விளக்கு எரியும். மோட்டாரோ ஹீட்டரோ லோடு இழுக்கும்போதுதான் வோல்டேஜ் சரியும். பிளக் பின் கருத்திருந்தாலோ தொட்டால் சுட்டாலோ கோளாறு அங்கேயே இருக்கலாம்.

மாடல் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் பெரும்பாலும் உட்பக்கச் சுவரிலும், முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அவனிலும் கதவைத் திறந்தால் தெரியும் ஓரத்திலும் இருக்கும். திரையில் எரர் கோடு வந்திருந்தால் ஆஃப் செய்வதற்கு முன் அதையும் படம் எடுங்கள்.

போனில் அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். "மோட்டார் போச்சு" என்றால் வருகிறவர் மோட்டாரையே தேடுவார். "துணி சுற்றுகிறது, தண்ணீர் வெளியேறவில்லை, பம்ப் பக்கம் உறுமல் கேட்கிறது" என்றால் சரியான பாகத்தைக் கையோடு கொண்டுவர வாய்ப்புண்டு. எப்போது தொடங்கியது, அதற்கு முன் மின்சாரம் ஏறி இறங்கியதா, சாதனத்தை இடம் மாற்றினீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷாக் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ, காட்டுவதற்காகக்கூட மறுபடி ஆன் செய்ய வேண்டாம்.

ஃபிரிட்ஜ்

அதிகமாகத் தப்பாகக் கணிக்கப்படுவது இதுதான். மேலே ஃப்ரீஸர் நன்றாக உறைகிறது, கீழ்த்தட்டு மட்டும் குளிரவில்லை என்றால் கேஸைச் சந்தேகிப்பதற்கு முன் டிஃப்ராஸ்ட் பகுதியைப் பார்க்க வேண்டும். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிரூட்டும் காயில்மேல் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். ஹீட்டரோ, அதன் சென்சரோ, டைமரோ கெட்டால் பனி கட்டியாகிக் காற்று வழியை அடைத்துவிடும். நீங்களே சோதிக்கலாம்: பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்துவைத்து 24 மணி நேரம் விடுங்கள், கீழே துணி போட்டுவையுங்கள். மறுபடி ஓடவிட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழைய கதை திரும்பினால் கோளாறு டிஃப்ராஸ்டில். கேஸ் குறைந்திருந்தால் இப்படித் தேறாது.

இன்னொரு அறிகுறி: சில நொடி உறுமல், ஒரு "டிக்", சில நிமிட அமைதி, மறுபடி உறுமல். கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல், அதைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் கட் ஆகிறது. வோல்டேஜ் குறைவாலும் இது வரும், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே கெட்டாலும் வரும், கம்ப்ரஸர் ஜாம் ஆனாலும் வரும். மலிவான பாகம் ரிலேதான். அது கெட்டிருந்தால், கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்க்கும்போது உள்ளே உடைந்த துண்டு பல நேரம் கலகலக்கும்.

கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஸரில் மூன்று பின்கள்: காமன், ரன், ஸ்டார்ட். அவற்றுக்கு இடையே மீட்டரில் ஓம் (மின்தடை) பார்க்க வேண்டும். காமன்–ரன், காமன்–ஸ்டார்ட் இரண்டு ரீடிங்கையும் கூட்டினால் ரன்–ஸ்டார்ட் ரீடிங் வர வேண்டும். எந்தப் பின்னிலிருந்தும் பாடிக்குத் தொடர்பு காட்டக் கூடாது. இன்வெர்ட்டர் வகையில் (தேவைக்கேற்ப வேகம் மாறி ஓடும் கம்ப்ரஸர்) மூன்று ரீடிங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ரீடிங் சரியாக இருந்தும் உள்ளே இறுகிப்போயிருக்கலாம். அதற்குப் புது ரிலே போட்டுப் பார்ப்பதே சோதனை.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீருவதல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். முறையான வேலை இந்த வரிசையில் நடக்கும்: நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து லீக் தேடுவது, அடைப்பது, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றுவது, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேக்யூம் பம்ப் ஓட்டுவது, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து கேஸ் விடுவது. பல புது ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ என்ற கேஸ். அளவு சில பத்து கிராம்தான், கண்ணளவில் விட முடியாது. தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதால், அதை முழுக்க வெளியேற்றிக் காற்றோட்டம் செய்யாமல் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பவரை நிறுத்துங்கள். போனிலேயே "வேக்யூம் பம்ப்பும் தராசும் கொண்டுவருவீர்களா?" என்று கேட்டுவிட்டால் பாதி வடிகட்டல் முடிந்தது.

ஐஸை வேகமாக எடுக்கக் கத்தியால் குத்தி, தாங்களே லீக் உண்டாக்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

வாஷிங் மெஷின்

"ஸ்பின் ஆகவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் தண்ணீர் வெளியேறாததுதான் காரணம். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் மெஷின் வேகமாகச் சுற்றாது. முன்பக்கக் கதவு வகையில் கீழ் மூலையில் ஃபில்டர் மூடி இருக்கும். பிளக்கைக் கழற்றி, குழாயை மூடி, தட்டையான தட்டு ஒன்றை வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். நாணயமும் ஹேர்பின்னும் பட்டனும் வரும். உள்ளே தெரியும் பம்ப் இறக்கையை ஒரு குச்சியால் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுத் தடைபட்டுச் சுற்றுவது அதன் இயல்பு, உள்ளே காந்தம் இருக்கிறது. அசையவே இல்லை என்றால்தான் அடைப்பு.

ஸ்பின்னில் விமானம் கிளம்புவது போலச் சத்தம் வந்தால் பேரிங். காலி டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரக்கும், விளிம்பைத் தூக்கினால் ஆடும். பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் இறங்கியதால்தான் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். எனவே சீலையும் சேர்த்து மாற்றாத வேலை நிலைக்காது. சில மாடல்களில் வெளி டப் ஒட்டி மூடப்பட்டிருக்கும், டப்போடு மாற்ற வேண்டிவரும். மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே உங்கள் மாடல் எந்த வகை என்று கேளுங்கள்.

கீசர், மைக்ரோவேவ்

கீசர் ஆன் செய்ததும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் முதல் சந்தேகம் ஹீட்டர் காயில்மேல். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஓம் சரியாக இருந்தும் பாடிக்குக் கசிவு இருக்கலாம். அதைச் சாதாரண மல்டிமீட்டர் தவறவிடும், அதிக வோல்டேஜில் சோதிக்கும் மெகர் என்ற மீட்டர்தான் பிடிக்கும். சூடேறிய பிறகு மட்டும் டிரிப் ஆவது இந்த வகை. டிரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்யச் சம்மதிக்கவே கூடாது. தொட்டியே ஒழுகினால் ரிப்பேர் கிடையாது.

மைக்ரோவேவை நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். வெளியிலிருந்து நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: பொறி பறந்தால், உள் சுவரில் உள்ள மைக்கா தகடு கருகியிருக்கிறதா என்பது. மாற்றுவது எளிது.

எஸ்டிமேட்டும் பில்லும்

வருகைக் கட்டணம் எவ்வளவு, ரிப்பேர் செய்தால் அது கழியுமா என்று முன்பே பேசிவிடுங்கள். பாகத்தின் விலை, கூலி, இரண்டுக்கும் எத்தனை நாள் வாரண்டி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

போர்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். வயரிங், கனெக்டர், சென்சர், மோட்டார் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே அதன் முறை. போர்டிலும் பல நேரம் ரிலேயோ உப்பிய கெப்பாசிட்டரோதான் காரணம். அதை மட்டும் மாற்றித் தரும் போர்டு ரிப்பேர் ஆள் தனியாக இருப்பார், மெஷின் மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். போர்டு வெளியே போகிறது என்றால் சீரியல் நம்பரோடு இரு பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் வாஷிங் மெஷினைத் துணியோடு ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜுக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவு தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து மறுநாள் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அந்த ஒரு நாள் அவகாசத்தையும் வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.