கடல் முள்ளெலிக் கருவில் நெருக்கடிச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடுவையில் சோப்பு ஒட்டியிருந்தது, உப்புமானியைச் சரிபார்க்கவில்லை, குழாய் நீர் கலந்துவிட்டது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. ஒருமுறை கருக்கள் மொத்தமாகச் செத்தால் அந்தப் பாடம் தானாகவே மண்டையில் ஏறிவிடும். ஆபத்தான தவறுகள் வேறு. கருக்கள் சாகாது, நன்றாக நீந்தும், எண்களும் ஒழுங்காக வரும், முடிவு மட்டும் பொய்யாக இருக்கும். வெப்பம், அமிலமாதல், உப்புக் குறைவு என்று எதைச் சோதித்தாலும் புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழிகள் ஏறக்குறைய இவைதான்.

விந்தைத் தாராளமாக ஊற்றுவது

0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 0.5 முதல் 1 மி.லி. எடுத்து, வாயைச் சுற்றியுள்ள மென்சவ்வு வழியே உள்ளே செலுத்தினால், முதிர்ந்த விலங்கு சில நிமிடங்களில் முட்டையோ விந்தோ விடும். முட்டையைக் கடல்நீரில் இறக்க வேண்டும். விந்தை நீர் படாமல் எடுத்துப் பனிக்கட்டி மேல் வைக்க வேண்டும்; நீர் பட்ட நொடியில் விந்தணு நீந்தத் தொடங்கித் தன் ஆயுளைச் செலவழித்துவிடும். இதுவரை பலரும் சரியாகவே செய்கிறார்கள். அப்புறம்தான், கருவுறுதல் குறையக் கூடாது என்று விந்தைக் கைதாராளமாக ஊற்றுகிறார்கள்.

ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்தால், முதல் பிளவிலேயே அது இரண்டாகாமல் மூன்றாகவோ நான்காகவோ உடையும். பிற்பாடு அந்தக் கரு சிதையும்போது பழி வெப்பத்தின் மேல் விழும். இன்னொரு கெடுதல் கண்ணுக்கே தெரியாது. அமில நீர் விந்தணுவின் நீச்சலை மந்தமாக்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம் என்று வையுங்கள். தேவைக்குப் பல மடங்கு விந்து இருந்தால் பாதி முடங்கினாலும் மீதிப் பாதி வேலையை முடித்துவிடும். எல்லாக் குடுவையிலும் கருவுறுதல் முழு அளவில் இருக்கும், பாதிப்பே இல்லை என்று எழுதிவிடுவோம். எண்ணும் அறைத் தகட்டில் விந்தணுவை எண்ணி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, சாதாரண நீரில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் கருவுறும் அளவைப் பிடியுங்கள். பாதிப்பு அங்கேதான் தெரியும்.

கருவுறுதல் உங்கள் கேள்வியே இல்லை என்றால், சாதாரண நீரிலேயே கருவுறச் செய்து, 95 சதவீதத்துக்கு மேல் முட்டைகளில் கருவுற்றதைக் காட்டும் சவ்வு எழும்பியதைப் பார்த்து, மிச்ச விந்தைக் கழுவிவிட்டுப் பிறகு சோதனை நீருக்கு மாற்றுங்கள். இரண்டு கேள்விகளை ஒரே குடுவையில் போட்டுக் கலக்க வேண்டாம்.

அமிலம் ஊற்றி எதிர்காலக் கடல் செய்வது

ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பி.எச். இறங்கும், கூடவே மொத்தக் காரத்தன்மையும் (நீர் அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) இறங்கும். கடலில் கார்பன் டை ஆக்சைடு கரையும்போது காரத்தன்மை அப்படியே இருக்கும், கரைந்த கார்பனின் மொத்தம் ஏறும். வாயுவைக் குமிழவிட்டே இறக்குங்கள். குடுவையை மூடி வையுங்கள். திறந்திருந்தால் வாயு வெளியேறி, காலையில் வைத்த பி.எச். மாலைக்குள் ஏறிவிடும். பி.எச். மீட்டரை நன்னீரில் செய்த தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் நிற்கும் கரைசல்) மட்டும் சரிபார்த்தால், கடலியலாளர் பயன்படுத்தும் அளவுகோலிலிருந்து 0.1-க்கு மேல் விலகும். 0.1 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடுகிறது. சோதிக்க வந்த விளைவின் அளவுக்கே பிழையும் இருந்தால் என்ன பயன்?

கடிகாரத்தைப் பார்த்து ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறு இது. நட்டமும் இதில்தான் அதிகம். பல இனங்கள் ஆண்டில் சில மாதங்களே முதிர்ந்திருக்கும். தவறு புரியும்போது பருவம் போயிருக்கும், மறு சோதனை அடுத்த ஆண்டுதான்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. மத்தியதரைக் கடலின் பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் என்ற முள்ளெலியின் கரு 18 டிகிரியில் ஏறக்குறைய 48 மணி நேரத்தில் புளூட்டியஸ் எனப்படும், கைகள் நீண்ட நீந்தும் லார்வா ஆகும். எனவே நோட்டில் '48 மணி' என்று எழுதி, அந்த நேரத்தில் எல்லாக் குடுவையிலிருந்தும் மாதிரி எடுத்துவிடுவார்கள். நுண்ணோக்கியில் சாதாரண நீரின் லார்வா கை விரித்து நிற்கும். கைகளுக்குள் சுண்ணக் கம்பிகள் நேராக ஓடும். அமில நீரின் லார்வா மழுங்கிய கூம்பு மாதிரி இருக்கும். கை வர வேண்டிய இடத்தில் வெறும் முனை, உள்ளே குட்டைக் கம்பி. உடனே 'எலும்புச் சட்டகம் உருக்குலைந்தது' என்று பதிவாகிவிடும்.

அங்கே உருக்குலைவு ஒன்றும் இல்லை. அது பிரிசம் நிலை, புளூட்டியஸுக்குச் சற்று முந்தையது. எல்லாக் கருவும் கடந்து வருகிற நிலைதான். ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் அதே லார்வா கையை விரித்திருக்கக்கூடும். ஐந்து வயதுப் பையனைப் பார்த்து இவனுக்கு மீசை முளைக்கவில்லை, ஏதோ நோய் என்று சொல்வது போலத்தான் இது.

வெப்பச் சோதனையில் கதை தலைகீழ். தாங்கும் எல்லைக்குள் 3 டிகிரி கூட்டினால் கரு வேகமாக வளரும். 48 மணி நேரத்தில் அது வயதில் மூத்த லார்வா. கை நீளமாக இருப்பதைப் பார்த்து வெப்பம் நல்லது என்று முடிவு கட்டுவார்கள். கை நீளத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. இரையைப் பிடிக்கும் மயிரிழைப் பட்டை கைகளின் ஓரமாகத்தான் ஓடுகிறது. உணவு குறைந்தால் பல இனங்களின் புளூட்டியஸ் கைகளை நீட்டிக்கொள்ளும். வெப்பத்தில் முட்டையிலிருந்து வந்த உணவுச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்த லார்வாவின் நீண்ட கை பசியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. முட்டைச் சவ்வை உடைத்து வெளிவருவதிலிருந்து புளூட்டியஸ் வரை 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குடுவையிலும் 50 கருக்களின் நிலையைக் குறியுங்கள். பாதிக் கருக்கள் ஒரு நிலையை எட்டிய நேரம்தான் ஒப்பிட வேண்டிய எண். ராத்திரி விழிக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. வெப்பச் சோதனையில் அந்தந்தக் குடுவையின் முதல் பிளவுக்கு ஆன நேரத்தால் மற்ற நேரங்களை வகுத்தால் வயது ஓரளவு சமமாகும். அமிலச் சோதனைக்கு அந்தக் கணக்கை நம்ப முடியாது, ஏனென்றால் பிளவுகள் வழக்கம்போல் நடந்து, சட்டகம் கட்டும் கட்டம் மட்டும் பின்தங்கக்கூடும். அங்கே உடல் நீளத்துக்கு எதிராகக் கை நீளத்தை வரைந்து பாருங்கள். புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால் அது தாமதம் மட்டுமே. கோட்டிலிருந்து விலகினால்தான் வடிவம் மாறியிருக்கிறது.

உருக்குலைவு எது என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். சாதாரணக் கரு எந்த வயதிலும் எடுக்காத உருவம் மட்டுமே அந்தப் பட்டியலில் வரலாம்: குடல் வெளிப்பக்கமாகப் பிதுங்கியது, கம்பிகள் தாறுமாறாகக் கிளைத்தது, ஒரு பக்கக் கம்பி அறவே இல்லாதது. தாமதத்தைத் தாமதம் என்றே எழுதுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மிதவை வாழ்வு நீள நீள இரையாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் அந்தத் தாமதம் நெரிசலால் வந்ததாக இருக்கக் கூடாது. எல்லாக் குடுவையிலும் மி.லி.க்கு இத்தனை என்று எண்ணிப் போடுங்கள்.

ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு குடுவை

அதிலிருந்து 100 லார்வாவை அளந்தாலும், எல்லாம் ஒரே பெற்றோரின், ஒரே நீரின் பிள்ளைகள் என்பதால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 1.

கடைச்சரக்கு ஃபார்மலின்

மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அமிலமாகிவிட்டால் லார்வாவின் சுண்ணச் சட்டகத்தைக் கரைக்கும். போராக்ஸ் சேர்த்துக் காரமாக்குங்கள், படத்தை அன்றே எடுங்கள்.

எப்போது கொடுத்தோம் என்று எழுதாதது

'கருவுக்கு ஒரு மணி நேர வெப்பம் கொடுத்தோம்' என்றால் போதாது. ஆரம்பப் பிளவுகளில் இருக்கும் கருவால் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை (வெப்பத்தில் மற்ற புரதங்கள் பழுதாகாமல் காப்பவை) புதிதாக ஆக்கிச் சமாளிக்க முடியாது. தாய் முட்டையில் வைத்த இருப்பை நம்பித்தான் ஓடுகிறது. சவ்வை உடைத்து நீந்தும் பிளாஸ்டுலா (உள்ளே வெற்றிடமுள்ள செல் பந்து) ஆன பிறகே அந்தத் திறன் வருகிறது. அதே வெப்பம் நான்கு செல் கருவைக் கொன்றுவிடும். நீந்தும் பிளாஸ்டுலா பிழைத்துக்கொள்ளும். வெப்பம் தொடங்கியபோது கரு எந்த நிலையில் இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

இரண்டே நாளில் மூட்டை கட்டுவது

அமெரிக்காவின் ஒரேகான் கரையில் இருந்த பொரிப்பகத்தில் 2007-க்குப் பின் பசிபிக் சிப்பிக் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தபோது, காரணம் ஆழத்திலிருந்து மேலெழுந்த கார்பன் மிகுந்த நீர் என்று பின்னர் தெரிந்தது. முட்டை விட்டுக் கருவுற்ற முதல் 48 மணி நேரத்தில் இருந்த நீரின் அரகோனைட் செறிவுநிலை (ஓடு கட்டும் சுண்ணம் படிய நீர் எவ்வளவு ஏதுவானது என்ற அளவு) குறைந்தால், லார்வா 120 மைக்ரோமீட்டரைத் தாண்டி வளரும் கட்டத்தில் அதன் விளைவு தெரிந்தது. 48 மணி நேரத்தில் மாதிரி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டியிருந்தால் இது சிக்கியிருக்காது. ஒவ்வொரு குடுவையிலும் மூன்றில் ஒரு பங்கை நல்ல நீருக்கு மாற்றி, நுண்பாசி கொடுத்து, உருமாற்றம் வரை, அதாவது லார்வா குட்டி முள்ளெலி ஆகும் வரை, வளர்த்து எண்ணுங்கள்.