மாதிரிப் படகுக்குப் புரொப்பல்லர் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரிப் படகு கட்டுகிறவர்கள் உடற்பகுதிக்கும் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, புரொப்பல்லரை மட்டும் கைக்குக் கிடைத்த அளவில் வாங்கி மாட்டிவிடுவது பரவலாக நடக்கிறது. பிறகு மோட்டார் கொதிக்கும்போது மோட்டாரையும், வேகக் கட்டுப்படுத்தி எரியும்போது அதையும் குறை சொல்கிறார்கள். உண்மையில், இந்தச் சேதங்களில் பெரும்பாலானவை புரொப்பல்லர் அந்த மோட்டாருக்குப் பெரிதாக இருப்பதால் வருபவை. மோட்டார் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீருக்குள் இருக்கும் அந்தச் சிறிய இதழ்கள்தாம்.

எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது விட்டத்தின் தாக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவது. ஒரே வடிவமுள்ள புரொப்பல்லர்களை ஒரே சுழல் வேகத்தில் ஓட்டினால், அவற்றுக்குத் தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 40 மி.மீ. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு 45 மி.மீ. புரொப்பல்லரை மாட்டும்போது, பார்வைக்கு அது ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் அதே சுற்றுவேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 80 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். மோட்டாரால் அதைத் தர முடியாதபோது சுற்று குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, படகின் வேகமோ கூடாமலே போகலாம். அதனால்தான் புதிய படகுக்குச் சரியென்று தோன்றும் அளவைவிட ஒரு படி சிறியதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். சிறிய புரொப்பல்லர் போதாமல் போனால் படகு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பெரியது மிஞ்சிப் போனால் ஒரு மோட்டாரோ பேட்டரியோ போய்விடும்.

அடுத்தது பிட்ச். ஒரு முழுச் சுற்றில் வழுக்கலே இல்லாமல் புரொப்பல்லர் முன்னேறக்கூடிய தூரம் அது. விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பல புரொப்பல்லர்களின் பெயரிலேயே இந்தத் தகவல் இருந்தும்கூட. எடுத்துக்காட்டாக, ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 என்ற பெயரில் கடைசி இரு எண்கள் 40 மி.மீ. விட்டத்தையும், முதல் எண் பிட்ச் விகிதம் (பிட்ச்சை விட்டத்தால் வகுத்தது) 1.4 என்பதையும் குறிக்கின்றன; அதாவது பிட்ச் 56 மி.மீ. இதே விட்டத்தில் 1.6 விகிதம் உள்ளதை மாட்டினால் சுமை தெளிவாகக் கூடும். பிட்ச் தெரிந்தால் கணக்கு எளிது. 2,000 கேவி (அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்று) மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் சுமையின்றி நிமிடத்துக்கு 22,200 சுற்று. தண்ணீரில் அது 17,000 அளவுக்கு இறங்கியது என்று கொண்டால், 56 மி.மீ. பிட்ச் காகிதத்தில் மணிக்குச் சுமார் 57 கி.மீ. தரும். வழுக்கலைக் கழித்தால் உண்மை வேகம் இதைவிடக் குறைவு. வாங்குவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பவர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமே, ஏனெனில் பல பொருத்தமற்ற தேர்வுகள் இந்த ஒரு வரியிலேயே வெளிப்பட்டுவிடும்.

அப்படிக் கிடைக்கும் வேகத்தைப் படகின் உடல் ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. இழுவைப் படகு, சரக்குக் கப்பல் போல நீரை விலக்கிக்கொண்டு செல்லும் உடலமைப்புக்கு, அது எழுப்பும் அலையே ஒரு வேக வரம்பை விதிக்கிறது. நீர்க்கோட்டு நீளம் 1 மீட்டராக இருந்தால் அந்த வரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 1.25 மீட்டர், அதாவது மணிக்கு 4.5 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு திறனைக் கொட்டினாலும் பின்புறம் அமிழ்ந்து, அலை உயர்வதுதான் மிச்சம். அளவுமாதிரிக் கப்பல்களில் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகமுள்ள இழுவைப் படகை 1:25 அளவில் செய்தால், மாதிரிக்கு 2.4 நாட் போதும். 40 மி.மீ. பிட்ச் உள்ள புரொப்பல்லர், வழுக்கல் 30 விழுக்காடாக இருந்தாலும், இந்த வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்றிலேயே தந்துவிடும். ஆகவே இத்தகைய படகுக்கு வேகமாகச் சுழலும் மோட்டாரும் குட்டிப் புரொப்பல்லரும் தவறான இணை. மெதுவாகச் சுழலும் மோட்டார், அல்லது 2.5:1 போன்ற கியர் குறைப்பு, அதனுடன் பெரிய விட்டமும் மிதமான பிட்ச்சும் கொண்ட புரொப்பல்லர் என்பதே சரியான வழி.

நீரின் மேல் சறுக்கிச் செல்லும் விரைவுப் படகுகளில் வேறொரு குழப்பம் நேர்கிறது. பாதி இதழ் நீருக்கு வெளியே சுழலும்படி செய்யப்பட்ட புரொப்பல்லரை, முழுதும் மூழ்கியிருக்கும் இடத்தில் பொருத்தினால், அது எதிர்பாராத அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். மூழ்கி ஓடுவதற்கான புரொப்பல்லரை நீர்ப்பரப்பில் ஓட்டினாலோ, அது காற்றை அள்ளிக்கொண்டு பிடிப்பின்றிச் சுழலும். அரைமூழ்கு வகை படகின் பின்புறத்தைத் தூக்கவும் செய்கிறது; அதனால் புரொப்பல்லரை மாற்றிய பிறகு படகு மூக்கைத் தண்ணீரில் குத்தினால், தண்டின் உயரத்தையும் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். இந்த வகை பின்னோக்கி இயங்குவதிலும் பலவீனமானது என்பதால், நின்று திரும்பி வர வேண்டிய படகுக்கு அது உகந்ததல்ல.

வேகம் வராதபோது மோட்டாரைப் பெரிதாக்குவதுதான் தீர்வு என்ற எண்ணத்துக்குக் கப்பல் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸின் டர்பைனியா என்ற நீராவி டர்பைன் கப்பல் 1894 இல் நீரில் இறங்கியபோது, டர்பைன் வலுவாக இருந்தும் ஒரே தண்டில் வேகமாகச் சுழன்ற புரொப்பல்லர் சுமார் 20 நாட்டுக்கு மேல் கப்பலைத் தள்ளவில்லை. இதழ்களின் பின்பரப்பில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, நீர் ஆவிக்குமிழ்களாக மாறியதே காரணம். அவர் ஒரு சிறு தொட்டியில் மாதிரிப் புரொப்பல்லர்களை ஓட்டி இதை ஆராய்ந்தார். பிறகு வேலையை மூன்று டர்பைன்களுக்கும், மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பல்லர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். 1897 இல் கப்பல் 34 நாட்டை எட்டியது. மாதிரிப் படகுகளில் ஆவிக்குமிழைவிட, மேற்பரப்பிலிருந்து காற்று உறிஞ்சப்படுவதே அதிகம் காணப்படும் தொல்லை. எனினும் மருந்து ஒன்றேதான். சிறிய இதழ்ப்பரப்பின் மீது பெருஞ்சுமையை ஏற்றாமல், பரப்பைக் கூட்டவோ, புரொப்பல்லரை ஆழமாக வைக்கவோ, சுற்றைக் குறைக்கவோ வேண்டும்.

சுழல் திசையில் நேரும் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். வலக்கைப் புரொப்பல்லரைக் கழற்றித் திருப்பி மாட்டினால் இடக்கையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. எப்படித் திருப்பினாலும் திருகின் திசை மாறுவதில்லை. வெட்டும் விளிம்பு பின்னால் போய்ச் செயல்திறன்தான் கெடும். படகின் பின்னால் நின்று முன்னோக்கிப் பார்க்கும்போது, முன்னேறும் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுழன்றால் அது வலக்கை வகை. இரட்டைப் புரொப்பல்லர் படகுகளுக்கு ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை என்று வாங்கி எதிரெதிராக ஓட்டினால், படகை ஒரு பக்கம் இழுக்கும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்யும். நெகிழ்கம்பித் தண்டு பயன்படுத்துகிறவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்: அந்தக் கம்பி ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே இறுகும், மறுதிசையில் பிரிந்துவிடும். எனவே இடக்கைப் புரொப்பல்லருக்கு அதற்குரிய முறுக்குள்ள கம்பியே தேவை.

தண்டின் அளவு பொருந்துகிறதா என்பதை வாங்குமுன் அளந்துகொள்ள வேண்டும். எம்4 மரையும் 3/16 அங்குலத் துளையும் ஒன்றல்ல. இதழ் நுனிக்கும் உடலுக்கும் நடுவே விட்டத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கட்டும், இல்லையேல் ஒவ்வொரு இதழும் கடக்கும்போது அதிர்வும் இரைச்சலும் வரும். திருகி மாட்டும் புரொப்பல்லருக்குப் பூட்டு நட் இல்லாமல் படகைத் தண்ணீரில் விடக் கூடாது. பின்னோக்கி இயக்கும் ஒரு நொடியில் அது கழன்று அடியில் போய்விடும்.

அழகுக்காக ஐந்து இதழ்ப் பித்தளைப் புரொப்பல்லரைத் தேர்ந்தெடுப்பதில் பிழையில்லை. ஆனால் அதே விட்டமுள்ள இரண்டு இதழ் வகையைவிட அது கூடுதல் சுமை என்பதால், பிட்ச்சையோ விட்டத்தையோ குறைத்துக்கொள்ள வேண்டும். வார்ப்பிலிருந்து வந்தபடியே இருக்கும் உலோகப் புரொப்பல்லர்களைச் சமன்படுத்தாமல் ஓட்டுவதையும் நான் ஏற்பதில்லை. கனமான இதழைக் கண்டறிந்து அதன் பின்புறத்தைத் தேய்த்துச் சமநிலைக்குக் கொண்டுவராவிட்டால், உயர் சுற்றில் தண்டுக் குழாயின் பேரிங்குகள் விரைவில் தேய்ந்துவிடும்.

சோதனையைக் காற்றில் ஓட்டிப் பார்த்து முடித்துவிடுவது கடைசித் தவறு. காற்றில் சுமையே இல்லை. மூழ்கி ஓடும் புரொப்பல்லராக இருந்தால், படகைத் தொட்டியில் பிடித்துக்கொண்டு வாட் மீட்டரில் மின்னோட்டத்தைப் படிக்கலாம். நகராத நிலையில் சுமை மிக அதிகம் என்பதால், அந்த எண் மோட்டாருக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் உரிய வரம்புக்குள் இருந்தால் ஓட்டத்தில் அச்சமில்லை. அரைமூழ்கு வகைக்குத் தொட்டி உதவாது. குளத்தில் அரை நிமிடம் ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து, மோட்டாரையும் பேட்டரியையும் தொட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மின்னோட்டமும் சூடும் மிகுந்தால் முதலில் விட்டத்தைக் குறைக்கலாம். சறுக்கும் படகில் மின்னோட்டம் குறைவாக இருந்தும் வேகம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பிட்ச்சைக் கூட்டலாம். மோட்டார் அலறியும் படகு நகரத் தயங்கினால், பிட்ச்சைத் தொடாமல் இதழ்ப்பரப்பையும் புரொப்பல்லர் இருக்கும் ஆழத்தையும் கவனிக்க வேண்டும்.